ஆறுமணிக் குருவியும் அப்பாவின் காதும்

ஜேடர்பாளையம்
பங்குனி, ஞாயிறு காலை

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அப்பா நலம், செவலை மாடும் அது போன மாதம் போட்ட கிடாரிக் கன்றும் நலம், அப்பாவின் கேமராவும் பரம சௌக்கியம். அந்த நெதர்லாந்துக் குளிரில் நீயும் உன் புது வேலையும் நலமாக இருக்க வேண்டும் என்று கபிலர்மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். உன்னோடு படித்த குணசீலன் லீவு முடிந்து புதன்கிழமை அங்கே கிளம்புகிறான், யுவாவுக்கு ஏதாவது கொடுக்கணுமா அத்தை என்று அவனே வந்து கேட்டான். கொள்ளுப்பொடி, எள்ளுப்பொடி, நாட்டுச்சர்க்கரை எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன், அதோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. போனில் பேசினால் உன் அப்பா காதில் விழுந்துவிடும். முன்பெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் எனக்குக் கவலை இருந்ததில்லை, இப்போது அடுத்த அறையில் இருந்தாலும் யோசித்துத்தான் வாயைத் திறக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவர் இன்று காலையிலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு நாமக்கல் பக்கம் ஏதோ ஏரிக்குப் போய்விட்டார், மத்தியானம்தான் வருவார், அதனால் நிதானமாக எழுதுகிறேன், நீயும் வேலைக்கு நடுவில் படிக்காமல் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

போர்வெல் போடுகிற அந்தப் போர்வண்டியை விற்றுவிட்டு வடநாட்டில் இருந்து அவர் வீட்டோடு வந்து உட்கார்ந்தது உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று பூமியைத் துளைத்த மனிதர், துளைக்க ஒன்றும் இல்லாமல் என்னைத் துளைக்க ஆரம்பித்தார். நான் தாளிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கடுகு வெடித்துவிட்டதா என்று கேட்பார். வெடித்துக் கரிந்தே போய்விட்டது, கண் முன்னால்தானே இருக்கிறது என்று எரிச்சல்படுவேன். அப்போதுதான் பரமத்தியில் ஸ்டுடியோவை மூடிய ஒருவரிடம் கல்யாணம் காதுகுத்தெல்லாம் எடுத்துத் தேய்ந்த கேமரா ஒன்றையும், சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸையும் வாங்கிக்கொண்டு வந்தார். விலை கேட்காதே, நானும் கேட்கவில்லை. என் சமையலறையை விட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது. முதல் இரண்டு மாதம் அவர் எடுத்தது எல்லாம் கிளைகள்தான். இது மீன்கொத்தி உட்கார்ந்திருந்த கிளை, இது செம்போத்து இப்போதுதான் பறந்துபோன கிளை என்று குடும்ப குரூப்பில் போடுவார், நீ கட்டைவிரல் அனுப்புவாய், நினைவிருக்கும். அவர் காடுகாடாக நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பதைக் கண்டு பக்கத்துத் தோட்டத்து ராசம்மாள் ஒருநாள் ஓடி வந்து, ஏனுங்க அக்கா, உங்கூட்டுக்காரர் எங்க காட்டை அளந்துட்டுப் போறாருங்களே, ரோடு எதும் வருதுங்களா என்று கேட்டாள். ரோடு வரவில்லை, நாரைதான் வந்திருக்கிறது என்று நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை. ஒரு வாரத்தில் ஊர் முழுக்க நாலுவழிச் சாலை வருகிறது என்று பேச்சாகி, டீக்கடையில் இவரை ஒருத்தரும் காசு கொடுக்க விடவில்லை.

மார்கழியில் தடுப்பணைக்கு சேலத்தில் இருந்து பறவை பார்க்கிறவர்கள் வேன் போட்டு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ரபியா மேடம். அஸ்தம்பட்டியில் வீடு, காலேஜில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர், மெல்லிய உடம்பு, ஆனால் ஆற்று மணலில் நடக்கிற வேகத்துக்கு நம்மால் ஈடு கொடுக்க முடியாது. இவர் அவர்களோடு போய் ஒட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாலு மணிக்கே எழுந்து, பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, பார்த்தால் வாழைத்தோப்பில் ஒரு மரம் கிளம்பி நடப்பது மாதிரி இருப்பார். இட்லி கட்டிக்கொடுக்கிறவளாக நானும் போக ஆரம்பித்தேன். சிவப்புச் சேலை கட்டக்கூடாது, பறவை மிரளும் என்று என் பீரோவில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டார். ஆனால் யுவா, உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது பிடித்துப்போய்விட்டது. இத்தனை வருஷம் இதே ஆற்றில் துணி துவைத்திருக்கிறேன், பாம்புத்தாரா கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு போவதை ஒருநாளும் பார்த்ததில்லை. கரண்டிவாயன் என்று ஒன்று, நம் வீட்டு தோசைக் கரண்டியை மூக்கில் கட்டிக்கொண்டது போலவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது எதையும் அப்பாதான் முதலில் பார்ப்பார். மலைமேல் பறக்கிற கழுகைக்கூட, அந்தா பாருங், வெள்ளைக் கழுத்து என்பார். பெரிய லென்ஸ் வைத்திருக்கிற அறிவழகன் தம்பிகூட, ஐயா கண்ணு கண்ணுதானுங்க என்று சொல்லும். அறிவழகன் நாமக்கல்லில் பேங்கில் வேலை பார்க்கிறது, போன ஆவணியில்தான் கல்யாணம் ஆனது, பெண்டாட்டி முகத்தைத் துடைத்துவிடுவதைவிட லென்ஸைத்தான் அதிகம் துடைக்கிறது என்று ரபியா மேடம் கிண்டல் செய்வார். நல்ல பிள்ளை, கொஞ்சம் படபடப்பு.

இப்போது குருவிக்கு வருகிறேன். ஆறுமணிக் குருவி என்று ஒன்று இருக்கிறது, காலையில் வெளிச்சம் வரும்போதும் சாயங்காலம் பொழுது இறங்கும்போதும் சரியாகக் கூப்பிடும், அதனால் அந்தப் பெயர். வடக்கே இமயமலை அடிவாரத்தில் இருந்து மழைக்காலத்தில் இங்கே வந்து, சித்திரை பிறந்ததும் திரும்பிப் போய்விடுமாம். எடை ஒரு கோழிமுட்டை அளவுதான், ஆனால் உடம்பில் இல்லாத நிறம் இல்லை. முதுகு பச்சை, தோளில் நீலம், நெஞ்சு சந்தனம், வாலுக்கு அடியில் குங்குமம். அத்தனை அலங்காரத்தையும் செய்துகொண்டு அது பண்ணுகிற வேலை என்னவென்றால் புதருக்குள் சருகைக் கிளறிப் புழு தின்பது. கண்ணில் படவே படாது. குரலைக் கேட்டு, எந்தப் பக்கம் என்று நிதானித்து, அசையாமல் உட்கார்ந்தால் சருகுக்கு நடுவில் தத்தித் தத்தி வெளியே வரும். தடுப்பணைக்குக் கீழே மூங்கிலும் புங்கனும் அடர்ந்த கரை இருக்கிறதே, நீ சின்ன வயதில் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுத இடம், அங்கே ஒன்று இருக்கிறது என்று மாசியில் தெரிந்தது. அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்தது. சாப்பிடும்போதும் அதே பேச்சு, படுக்கும்போதும் அதே பேச்சு. அறிவழகனும் அதற்காகவே நாமக்கல்லில் இருந்து வார நாளில்கூட பைக்கில் வந்து பார்த்துவிட்டு பேங்குக்கு ஓடும்.

மாசி கடைசி ஞாயிறு, எல்லோரும் அந்தக் கரையில் ஒரு சாய்ந்த மரத்துக்குப் பின்னால் குனிந்திருந்தோம். அறிவழகன் கோணிச்சாக்கை விரித்துக் குப்புறப் படுத்திருந்தது. குருவி கூப்பிட்டது. தெருவில் போகிறவரைப் பெயர் சொல்லாமல் வாயாலேயே விசில் அடித்து நிறுத்துவார்களே, அதேபோல் இரண்டு சத்தம், மேலே போய்க் கீழே இறங்கியது. கைக்கெட்டும் தூரம்தான். எல்லோரும் மூச்சை அடக்கினோம். சருகு அசைந்தது, நீலம் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து உன் அப்பா, கொஞ்சம் தள்ளி நின்றவர், அக்கரையில் ஒரு மீன்கொத்தியைப் பார்த்துவிட்டு சருகு நொறுங்க நொறுங்க நடந்து வந்தார். ரபியா மேடம் அண்ணே அண்ணே என்று மெல்லக் கூப்பிட்டார். நான் ஏனுங்க என்று கூப்பிட்டேன். பின்னால் இருந்த பிள்ளைகளும் கூப்பிட்டார்கள். அவர் நேராக அந்தப் புதருக்குள்ளேயே காலை வைத்தார். குருவி போயே போய்விட்டது. அறிவழகன் சாக்கில் இருந்து எழுந்து, ஏனுங்கய்யா, இத்தனை பேரு கூப்புடறோம், காது கேக்காதுங்களா உங்களுக்கு என்று கேட்டது. கோபத்தில் யாரும் கேட்கிற கேள்விதான் அது. அப்பா திரும்பினார். முகமெல்லாம் சிரிப்போடு, ஆமாங்க தம்பி, நல்ல வெளிச்சமுங்க என்றார்.

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ரபியா மேடம் சிரிக்கவில்லை. அறிவழகன் முகம் செத்துப்போயிற்று. எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் தான் என்னவோ மாற்றிச் சொல்லிவிட்டோம் என்று அப்பாவுக்குத் தெரிந்தது. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, வா புள்ள போலாம், மாட்டுக்குத் தண்ணி காட்டோணும் என்றார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, சோதித்துப் பார்க்கலாம் என்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில், உங்க கேமராவை நாளைக்கு ஆத்துல வீசப் போறேனுங்க என்றேன். ம்ம், அதுக்கென்ன, வாங்கிக்கலாம் என்றார். சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. எத்தனை வருஷமாக இந்த மனிதர் எனக்கு ம்ம் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதில் எத்தனை ம்ம் நான் கேட்டதற்குப் பதில் என்று நினைத்துப் பார்த்தேன். டிவியை அலறவிடுவது, வாசலில் ஆள் கூப்பிட்டால் நான் போகிறேனா என்று பார்ப்பது, கடுகு வெடித்ததா என்று கேட்பது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. போர்வண்டியின் கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்திலேயே வயதைக் கழித்த காது அது. எனக்குத் தோன்றாமல் போயிற்று, அவர் சொல்லவும் இல்லை.

அப்போதுதான் தை மாதம் நீ போன் செய்தது நினைவுக்கு வந்தது. உன் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், உன் வேலை போய்விட்டது என்று அப்பாவிடம் நீயே சொல்ல வேண்டும் என்று போனை அவரிடம் கொடுக்கச் சொன்னாய். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, ரொம்ப சந்தோசம் அம்மிணி, நல்லாப் பண்ணு என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார். நீ அன்றைக்கு அழுததும், நான் வெளிநாடு வந்ததே அவருக்குப் பிடிக்கலை, இப்ப திரும்பி வந்துருவேன்னு சந்தோசப்படறாரு என்று சொன்னதும் என் நெஞ்சிலேயே நின்றது. அவரிடம் கேட்டால் சண்டையாகிவிடும் என்று நான் கேட்கவில்லை. உனக்கு வேறு வேலை கிடைத்த பிறகும் நீ போனில் அவரைக் கேட்பதே இல்லை. அவரும், புள்ளைக்கு நேரமில்லையாட்ட இருக்குது என்று மட்டும் சொல்வார். அன்றைக்கு வண்டியில் வரும்போதுதான் எனக்கு அது விளங்கியது யுவா. உன் அப்பா உன் வேலை போனதற்குச் சந்தோஷப்படவில்லை. நீ என்ன சொன்னாய் என்றே அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கெல்லாம்தான் இப்ப வாய்க்குள்ளயே பேசிப் பழகிட்டீங்க என்றார். டாக்டரிடம் போகலாம் என்றால், காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா ஊருல செவிடன்னு பேரு வெப்பாங்க, நானு வரமாட்டேன் என்றார். கேமராவை எடுத்துத் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு வேன் வந்து ஹாரன் அடித்தது, படுக்கையைவிட்டு எழவில்லை. ஹாரன் கேட்டதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டு வாரம் வீட்டில் டிவியைத் தவிர பேச்சுச் சத்தம் இல்லை. கேலி பண்ணக்கூட ஆள் இல்லாமல் நான் கன்றுக்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். அதுவாவது காதை ஆட்டும்.

பிறகு ஒரு சாயங்காலம் ரபியா மேடம் வந்தார். கூடவே அறிவழகன், கையில் ஆத்தூர் மாமனார் வீட்டில் இருந்து வந்த ஜவ்வரிசி அப்பளப் பொட்டலத்தோடு, ஹோம்ஒர்க் எழுதாத பையன் மாதிரி வாசலிலேயே நின்றது. மன்னிச்சுக்கோங்கய்யா, வாய் தவறிருச்சுங்க என்று சொன்னது. அப்பா, ஆமாங்க, அப்பளம் நல்லா இருக்குமுங்க என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ரபியா மேடம் நாற்காலியை அவருக்கு நேர் எதிரில் இழுத்துப் போட்டு, முகம் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அண்ணே, ஒண்ணு காட்டறேன் பாருங்க என்று சொல்லி முக்காட்டுக்குள் கையை விட்டு, காதில் இருந்து புளியங்கொட்டை அளவில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். நாலு வருஷமா போட்டிருக்கேண்ணே. இது இல்லைன்னா எனக்கும் அந்தக் குருவி இல்லை. நீங்கெல்லாம் நான் காதுல கெட்டிக்காரின்னு நெனைச்சுட்டு இருக்கீங்க என்றார். அத்தனை ஞாயிற்றுக்கிழமை கூடவே நடந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், போர்வண்டி உதிரிப்பாகம் பார்க்கிற மாதிரி. இதைப் போட்டா அது கூப்புடறது கேக்குமுங்களா என்று கேட்டார். டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும் அண்ணே, ஆனா சித்திரை பொறந்தா அது கிளம்பிரும் என்றார் மேடம். மறுநாள் காலையில் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கிளம்பு புள்ள சேலத்துக்கு என்றார். கட்டிய பெண்டாட்டி கெஞ்சினேன், வரவில்லை. ஒரு முட்டை எடைக் குருவிக்காகக் கிளம்பிவிட்டார். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, உனக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டியில் ரபியா மேடம் சொன்ன ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அப்பா டாண் டாண் என்று அமுக்கினார். வெளியே இருந்து பார்த்த எனக்கு ஆச்சரியம், காது நன்றாகத்தான் இருக்கிறதோ என்று. அந்தப் பரிசோதனைப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய், ஐயா, நான் இந்தப் பக்கம் சத்தம் குடுக்கறப்ப என் தோள் அசையறதைப் பார்த்து அமுக்கறீங்க, சுவரைப் பார்த்து உக்காருங்க என்று சொல்லி நாற்காலியைத் திருப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் கை மடியிலேயே கிடந்தது. நான் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கும்மென்ற கனத்த சத்தம் எல்லாம் கேட்கிறது, கீச்சென்ற சத்தம் எல்லாம் போய்விட்டது, பெண்பிள்ளைகள் குரலும் குருவி குரலும் அதில்தான் வரும் என்று டாக்டர் விளக்கினார். கருவி தயாராக ஒரு வாரம் ஆயிற்று. மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் ஏற்காடு ரோட்டில் போன வண்டிச் சத்தத்துக்குச் சுவரோரம் ஒண்டிவிட்டார். பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்து, இதென்ன கிணுகிணுன்னு என்றார். என் வளையல் யுவா. கல்யாணம் ஆனதில் இருந்து போட்டிருக்கிறேன்.

வீட்டில் இப்போது எனக்குத்தான் கஷ்டம். மிக்ஸி போட்டால் தோட்டத்துக்கு ஓடிவிடுகிறார். என்னுடைய செருப்பு ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்கிறார். கடுகு வெடிப்பதைக் கேட்க மறுபடி சமையலறைக்கு வந்து நிற்கிறார், போகச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நான் இத்தனை வருஷம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுதந்திரமாக முணுமுணுத்தது எல்லாம் போயிற்று. முந்தாநாள் அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டே, உங்கொக்காளுக்கு வாயி மட்டும் இல்லாட்டி நாயி தூக்கிட்டுப் போயிரும் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். கூடத்தில் இருந்து, எந்த அக்காளைச் சொல்ற, பெரியவளையா சின்னவளையா என்று கேட்டார். நான் சட்னியில் இன்னொரு மிளகாயைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

போன ஞாயிறு மறுபடி அந்தக் கரைக்குப் போனோம். புங்கன் மரமெல்லாம் புதுத் தளிர் விட்டுப் பளபளவென்று இருந்தது. அறிவழகன் தன் சாக்கில் பாதியை விட்டுக்கொடுத்து, இங்க உக்காருங்கய்யா என்றது. இருட்டு கலைகிற நேரம். நான் என் கையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், குருவி கிளம்பிப் போயிருந்தால் என்ன செய்வது என்று அதுவே பயம். தையல்சிட்டு கத்தியது, அப்பா திரும்பினார். குக்குறுவான் கத்தியது, திரும்பினார். ஒவ்வொன்றுக்கும் இது எதுங்க என்று ரபியா மேடத்திடம் கேட்டுக் கேட்டு, மேடமே கடைசியில், அண்ணே, நீங்க பேசறதை நிறுத்தினாத்தான் மத்தது கேக்கும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அடங்கினார். எங்கள் யாருக்கும் கேட்கவில்லை, அவர் கையை மட்டும் தூக்கினார். அந்தா, பூவரசுக்கு அக்கட்டால என்று மரத்துக்கு அந்தப் பக்கம் காட்டினார். அடுத்த சத்தம்தான் எங்கள் காதில் விழுந்தது. தூரத்தில், மெல்ல, இரண்டு விசில். அவர் அப்படியே முட்டிபோட்டு நகர்ந்தார், அறிவழகன் அவர் பின்னால் நகர்ந்தது, ஒரு சருகு நொறுங்கவில்லை. அது வெளியே வந்தது. அந்த நிறத்தை எழுதிக்காட்ட எனக்குத் தெரியாது, பட்டுக்கடையில்கூட அப்படி ஒரு சேர்க்கை பார்த்ததில்லை. அப்பா கேமரா படபடபடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அது பறந்த பிறகு கேமராவை இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், கண் இரண்டும் நிறைந்திருந்தது. இதுக்குத்தானா புள்ள இத்தனை பேரும் இங்க வந்து குந்தியிருந்தீங்க என்றார். எடுத்ததில் பாதி வால், பாதி சருகு, ஒன்று அறிவழகனின் முழங்கை. ஒன்றே ஒன்றில் முழுக் குருவியும் இருக்கிறது, முதுகைக் காட்டி நின்று, கழுத்தை மட்டும் திருப்பி, என்னை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்பதுபோல. அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு டிவிக்கு மேலே மாட்டியாகிவிட்டது. உனக்கும் ஒன்று பொடிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன், எள்ளெண்ணெய் படாமல் எடு. நன்றாக இருக்கிறது என்று சொல், ஆனால் மிகவும் புகழ்ந்துவிடாதே, அடுத்து யானை லென்ஸ் வாங்கிவிடுவார்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். வியாழக்கிழமை மத்தியானம் நான் தீவனத்துக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டு வரும்போது மாட்டுக்கொட்டகையில் இருந்து உன் குரல் கேட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாயோ என்று தட்டுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அப்பா தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்து என் போனை வைத்துக்கொண்டு, நீ எனக்கு அனுப்பிய பேச்சுப் பதிவுகளைப் பழையதில் இருந்து வரிசையாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சைக்கிளில் பனியில் வழுக்கி விழுந்தது, கருவேப்பிலை கிடைக்காமல் நாலு கடை அலைந்தது, என் பிறந்தநாளுக்கு ராகமில்லாமல் பாடியது, எல்லாம். மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது. நான் நிற்பது தெரியும், அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தை மாதத்துக்கு வந்தார். நீ அன்று போன் வைத்த பிறகு எனக்கு அழுதுகொண்டே அனுப்பினாயே, அப்பா சந்தோசம்னு சொல்லிட்டு வெச்சுட்டாரும்மா என்று, அது ஓடியது. ஓடிப் பிடுங்கலாமா என்று எனக்குத் தோன்றியது. முழுக்கக் கேட்டார். நான் அப்பிடியா புள்ள சொன்னேன் என்றார். ஆமாங்க என்றேன். ரொம்ப நேரம் கன்றின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அன்னைக்கு எனக்கு அம்மிணி குரலு மொணமொணன்னுதான் வந்துது, என்னமோ நல்ல சேதி சொல்லுதுன்னு நெனச்சுப் போட்டேன் என்றார். மத்தியானச் சோற்றில் பாதியை வைத்துவிட்டார், ராகிக் களிக்கே அப்படிச் செய்யாதவர்.

அன்று சாயங்காலம் உனக்கு அவர் போனில் இருந்து இரண்டு முறை கால் வந்து உடனே கட்டானதே, என்னம்மா என்று நீ கேட்டதற்கு டவர் இல்லை என்று நான் சொன்னேன். டவர் எல்லாம் இருந்தது. உன் அப்பாவுக்குத்தான் பேச்சு வரவில்லை. பிறகு என்னிடம் வந்து, அம்மிணியை ஒருக்கா அதையே மறுபடி சொல்லச் சொல்லு, வேலை போனதை, மொதல்ல இருந்து, இந்தத் தடவை நானு ஒழுங்காப் பதிலு சொல்றேன் என்றார். வேலைதான் மறுபடி கிடைத்துவிட்டதே, இப்போது எதற்கு என்று சொல்லிப் பார்த்தேன். அது வேற, இது வேற என்றார். அதனால் கண்ணு, இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் போட்டு, அப்பா எங்கே என்று முதலில் கேள். கத்திப் பேசாதே, சாதாரணமாகப் பேசினால் போதும். கம்பெனியில் கூப்பிட்டுச் சொன்னதில் இருந்து நீ அறையில் தனியாக உட்கார்ந்திருந்தது வரை, எனக்குச் சொன்னதை எல்லாம் அவருக்கும் சொல். ராத்திரி எட்டு மணி ஆனால் கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார், நம்ம ஊர் நேரம் பார்த்துக் கூப்பிடு. தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே, குளிர் என்று சொல்லிக் காலைச் சாப்பாட்டை விடாதே. நம் குலசாமியும் கபிலர்மலையானும் உனக்கு ஆயுளும் உடம்பில் தெம்பும் கொடுத்துக் கூடவே நிற்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதலாம் என்று நேற்று என்ன சொல்லட்டும் என்று அவரிடம் கேட்டேன், அவளிடம் என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்றும் கேட்டுப் பார்த்தேன். அதை நானும் அம்மிணியும் பேசிக்கறோம், நீ என்னத்துக்கு ஒட்டுக் கேக்கற, அந்நேரம் நீ ஆத்துப்பக்கம் போயிரு என்று சொல்லிவிட்டார். நான் போய்விடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாவாயி சின்னுசாமி